விண்டோஸில் டிரைவர் கையெழுத்துச் சோதனையை அணைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சிபியூவைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். "தம்பி, தராசுல எடை காட்டுது, பில்லுல ஏறமாட்டேங்குது. விடியுறதுக்குள்ள மல்லி வந்து இறங்கிரும்." ஆன் செய்தேன். திரையின் வலது கீழ் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்று எழுத்து. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிட்டது.

தராசின் யுஎஸ்பி-சீரியல் கேபிளுக்கு யாரோ ஒரு பையன் ஏதோ இலவச தளத்திலிருந்து டிரைவரை, அதாவது அந்தக் கேபிளை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளை, ஜிப் ஃபைலாக இறக்கியிருக்கிறான். விண்டோஸ் ஏற்கவில்லை. டிரைவரில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனையை அணைத்துப் போட்டிருக்கிறான். அன்றைக்கு ஓடியது. மறுநாள் ஆன் செய்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 52. கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம். உடனே பயாஸில், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே நம்பகமானதை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' காவலையும் அணைத்து, டெஸ்ட் மோடையும் போட்டுவிட்டான். அப்படியும் ஓடவில்லை. ஓடாதுதான். டெஸ்ட் மோட் என்பது டிரைவர் எழுதுகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் சோதனைக் கையெழுத்தை ஏற்கும் ஏற்பாடு. கையெழுத்தே இல்லாத டிரைவரை அதுவும் உள்ளே விடாது. ஒரு பிரயோஜனமும் இல்லாமல் காவலைக் குறைத்து வைத்ததுதான் மிச்சம்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றால், இந்த மாதிரி டிரைவர் ஓடுவது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள். ஆன்டிவைரஸின் காவலும் அங்கேதான் நிற்கிறது. அங்கே நுழைந்த கெட்ட டிரைவர் காவலாளியையே தூங்கவைத்துவிடும். அதனால்தான் 64-பிட் விஸ்டா காலத்திலிருந்தே கையெழுத்து கட்டாயம். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து புது டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தே வேண்டும். கையெழுத்து இருந்தால் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். 2010-இல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ரியல்டெக் என்ற சிப் கம்பெனியிடமிருந்து திருடிய சான்றிதழால் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தது.

ஆகவே முதலில் சிப் எது என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாமான் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ். அண்ணன் கேபிளில் விஐடி (கம்பெனி எண்) 1ஏ86, பிஐடி (சாமான் எண்) 7523 என்று இருந்தது. அது சிஎச்340 சிப். அதைச் செய்கிறவர்களே கையெழுத்துப் போட்ட டிரைவர் தருகிறார்கள். என்னிடம் வரும் பத்தில் எட்டு கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

வேறு வழியே இல்லை, டிரைவர் எங்கிருந்து வந்தது என்பதும் நிச்சயமாகத் தெரியும் என்றால் மட்டும், சோதனையை ஒரு தடவைக்கு அணைக்கும் எஃப்7 வழி. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேட்டாலும் கேட்கும். பழைய நிலைக்குத் திரும்ப ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று போடுங்கள். நெட்டைக் கழற்றுங்கள். ஷிப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் எஃப்7. இது அந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் சோதனை தானாகத் திரும்ப வந்துவிடும், அந்த டிரைவரும் நின்றுவிடும். தினமும் வேண்டிய சாமானுக்கு இது வழியே இல்லை. கேபிளை மாற்றுங்கள். பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் இந்த ஆட்டமே வேண்டாம்.

ஏற்கெனவே டெஸ்ட் மோடில் மாட்டியிருந்தால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து அடிக்க வேண்டியதைப் போனில் இப்படித்தான் சொல்வேன்: பி சி டி எடிட், ஸ்பேஸ், ஸ்லாஷ் செட், ஸ்பேஸ், டெஸ்ட்சைனிங், ஸ்பேஸ், ஆஃப். ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் 'செக்யூர் பூட்' காவலை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில், கெர்னலைக் காக்கும் மெமரி இன்டக்ரிட்டியை அணைத்திருந்தால் அதையும்.

அண்ணனின் மெஷினில் பழைய டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவர் ஃபைலையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டேன். பலர் விட்டுவிடும் டிக் அது. டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டி, சரியான டிரைவரை ஏற்றினேன். கேபிள் காம்3 என்ற போர்ட் நம்பரில் வந்தது. பில் சாஃப்ட்வேரோ காம்4-ஐயே தேடிக்கொண்டிருந்தது. போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் நம்பரை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். காலை நாலரைக்கு போன். "ஏறுது தம்பி, மூணு கிலோ இருநூறு."