சுண்டிக்குளம் போகிறவர்கள் கையெழுத்தைப் பிறகு வையுங்கள்

கனடாவில் இலை சிவக்கிற நேரத்தில் எங்கள் ஊரில் புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும். யாழ்ப்பாணத்துக்கு இலையுதிர்காலம் கிடையாது. பெருமழைக்கு முந்திய சில வாரங்கள்தான் உண்டு. வடக்கே குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் சுண்டிக்குளம் போன்ற எங்கள் கடல்நீரேரிகளில் இறங்கத் தொடங்குவதும் அப்போதுதான். அதற்கென்றே பத்து நாள் விடுப்பு எடுத்துப் போனேன். அதில் நான்கு காலைகள் ஓர் அலுவலகத்து வாங்கில் போய்விட்டன.

போய் இறங்கிய இரவே பெரியப்பாவின் மகன் கேட்டுவிட்டார். சாவகச்சேரிப் பக்கம் உள்ள தென்னங்காணியில் அப்பாவின் பங்கைத் தன் பெயருக்கு எழுதித் தர வேண்டும். "ஒரு கையெழுத்துத்தானே தம்பி, குருவியள் எங்கை போகப்போகுது?" எனக்கு மறுக்க வாய் வரவில்லை. 1995 ஐப்பசியில் போருக்குத் தப்பி வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது எங்களைத் தாங்கியது அந்தக் காணிதான். அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். வேலி அடைத்தது, கிணறு இறைத்தது, அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது எல்லாம் அந்த அண்ணாதான்.

உறுதி எழுதும் நொத்தாரிசு ஆயத்தமாகத்தான் இருந்தார். அலுவலகத்திலிருந்து ஒரு பத்திரம் வர வேண்டியிருந்தது. முதல் நாள் அதிகாரி வெளிவேலை. இரண்டாம் நாள், கடவுச்சீட்டில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் கூட; இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டுமாம். மூன்றாம் நாள் அதைக் கொண்டுபோனால், அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி சரிவராது, மூலம் வேண்டும் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வயதுபோன அம்மா ஒருவர் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு இருந்தார். அவருக்கு அது ஆறாம் வருகை. நான்காம் நாள் மத்தியானம் பத்திரம் கிடைத்தது. அன்றிரவே மழை பிடித்துவிட்டது.

ஆகவே, வெளிக்கிட முன்னரே கடவுச்சீட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். காணி அலுவல் இருந்தால், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அதெல்லாம் முடியாவிட்டால், முதலில் பறவைகளைப் பாருங்கள். கையெழுத்தைக் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவானது. ஏ9 வீதியில் புதுக்காட்டுச் சந்தியால் திரும்பி, மருதங்கேணி போய், கடற்கரையோரமாகத் தெற்கே இறங்க வேண்டும். அங்கே வரும் பூநாரை ஆழமில்லாத உவர்நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அரித்துத் தின்னும். மழை விழுந்தால் கனகராயன் ஆறு நீரேரியை நிரப்பிவிடும். மேயும் இடம் மூழ்கிப்போகும். நாங்கள் போனபோது சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் பரந்து கிடந்தது. "முந்தநாள் வரைக்கும் நிண்டது," என்றார் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர். அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறவர்கள், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஓடுகிறதா என்று அன்று காலையே கேட்டுக்கொள்ளுங்கள். வாடைக் காற்றுக் கிளம்பினால் கடல் விடாது. முகமாலை, நாகர்கோவில் பக்கம் படம் எடுக்கும் ஆசையில் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். போர் முன்னரங்காக இருந்த நிலம் அது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக எந்த இடத்தையும் நம்பாதீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை வாகனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழியில் அண்ணா சரசாலைக் குருவிக்காட்டில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். கண்டல் மரங்களுக்கு அப்பால் கூழைக்கடா இரண்டும், வாலில் ஊசிபோல நீண்ட இறகுள்ள தாராக் கூட்டம் ஒன்றும் நின்றன. அவர் குடையை என் கமராவுக்கு மேலே பிடித்துக்கொண்டு தான் நனைந்தார்.

"தெரியாமல் மறிச்சுப்போட்டன். அடுத்தமுறை தை, மாசியிலை வா. தண்ணி வத்தி நிக்கும், வடிவாப் பாக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். பங்குனி வரைக்கும் பறவைகள் நிற்கும்.