கோழிகளோடு வாத்தும் வளர்க்க: முதலில் தண்ணீருக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்

ஏற்கெனவே நாலைந்து கோழி வைத்திருக்கிறீர்கள், கூடவே இரண்டு வாத்தும் வளர்க்கலாமா என்று ஆசை வந்துவிட்டது. தாராளமாக வளர்க்கலாம். பகல் முழுக்க ஒரே தோட்டத்தில் மேயும், ஒன்றை ஒன்று பெரிதாகக் கண்டுகொள்ளாது, சண்டையும் குறைவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். வாத்துக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது, கோழிக்கு ஈரமே ஆகாது. வாத்து போகிற இடத்தையெல்லாம் நனைத்துக்கொண்டே போகும், அந்த ஈரத்தில் கூண்டில் நாற்றம், கோழிக்கு மூச்சுத் தொல்லை, காலில் புண், பூஞ்சை பிடித்த தீவனம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சேர்த்து வளர்க்கும்போது நான் பட்ட தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின. அதனால் கீழே எந்தப் படியை எடுத்தாலும் தண்ணீர்ப் பேச்சு வந்துகொண்டே இருக்கும்.

படி 1: எத்தனை, எந்த வகை

ஒற்றை வாத்து வாங்கவே வாங்காதீர்கள். கோழிகள் துணைக்கு இருக்கின்றனவே என்று தோன்றும், ஆனால் வாத்துக்கு வாத்துதான் துணை. குறைந்தது இரண்டு, இடம் இருந்தால் மூன்று.

வகையைப் பொறுத்தவரை, முட்டை வேண்டும் என்றால் காக்கி கேம்ப்பெல். இது இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டை ஒட்டி அடெல் கேம்ப்பெல் என்ற பெண்மணி உருவாக்கிய இனம், நன்றாகக் கவனித்தால் பல கோழி இனங்களையே முட்டையில் மிஞ்சிவிடும். நேராக நிமிர்ந்து ஓடும் ரன்னர் வாத்து தோட்டத்தில் நத்தை பொறுக்குவதில் கெட்டி. வெள்ளை பெக்கின் சாது, ஆனால் உடல் கனம், கால்கள் அதைத் தாங்கச் சிரமப்படும், அதனால் கரடுமுரடான தரையும் உயரமான படியும் அதற்கு ஆகாது. மஸ்கோவி தனி ரகம். மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்டு என்ற காட்டு வாத்திலிருந்து வந்தவை, இது மட்டும் அமெரிக்கக் கண்டத்தின் வேறொரு பறவையிலிருந்து வந்தது. நகம் கூர்மை, பறக்கவும் செய்யும், கட்டையில் ஏறி உட்காரவும் செய்யும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இது வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், பலர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிற விஷயம் இது. முதலில் பெட்டை வாத்துகளை மட்டும் வாங்குங்கள். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது, ஆண் வாத்துக்கு உண்டு. துணைக்குப் போதிய பெட்டை இல்லாத ஆண் வாத்து கோழியின் மேல் ஏறும், கோழியின் உடல் அதற்கு ஏற்றதில்லை, உள்ளே காயமாகிக் கோழி செத்தே போகலாம். ஆண் வாத்து வேண்டும் என்றால் ஒன்றுக்கு நாலைந்து பெட்டையாவது இருக்க வேண்டும், கோழிகள் பக்கம் அது போகாதபடி வேலியும் வேண்டும். வளர்ந்த வாத்தில் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது: வால் மேல் ஒன்றிரண்டு இறகு சுருண்டு நிற்கும், குரல் கரகரவென்று அடங்கி வரும். ஊரைக் கூட்டும் 'குவாக்' பெட்டையுடையது. மஸ்கோவிக்கு மட்டும் இந்த இரண்டு அடையாளமும் பொருந்தாது.

படி 2: குஞ்சுகளை ஒன்றாகப் போடாதீர்கள்

கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் ஒரே பெட்டியில் இருப்பது பார்க்க அவ்வளவு அழகு. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாத்துக்குஞ்சு ஒரு வாய் தீவனம் எடுக்கும், ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை விட்டு அலசும், வாயில் மிச்சமிருப்பதைச் சிந்திக்கொண்டே திரும்பத் தீவனத்துக்கு வரும். இப்படியே பத்து நடை. அதற்குள் கீழே போட்ட மரத்தூள் சொதசொதவென்று ஆகிவிடும், கோழிக்குஞ்சுகள் மூலையில் ஒடுங்கி நின்று நடுங்கும். குளிர் தாக்கிய கோழிக்குஞ்சைக் காப்பாற்றுவது கஷ்டம். முதல் ஆறு வாரமாவது தனித்தனிப் பெட்டி.

சூட்டைப் பொறுத்தவரை, முதல் வாரம் விளக்கின் கீழ் கோழிக்குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், வாத்துக்குஞ்சுக்கு 30 முதல் 32 போதும், வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: விளக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு அதிகம்.

அடுத்தது நியாசின், அதாவது பி3 வைட்டமின். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். வெறும் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அது போதாது. என்னிடம் இருந்த ஒரு குஞ்சு பத்தாம் நாள் வாக்கில் மற்றவை ஓடும்போது இரண்டடி வைத்துவிட்டுக் கணுக்காலில் உட்கார்ந்துகொள்ளும். ஏதோ களைப்பு என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கால் வெளிப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது. நியாசின் நிறைந்த புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்டின் காய்ந்த தூள்) கலந்து கொடுத்த பிறகு நடை தேறியது, ஆனாலும் அந்த இரண்டு நாளை வீணாக்கியது இன்றும் உறுத்துகிறது. ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட், முதல் நாளிலிருந்தே. ரொட்டி உப்ப வைக்கப் போடும் ஈஸ்ட் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

பெட்டியில் வைக்கும் தண்ணீர் மூக்குத்துளை வரை முக்குகிற ஆழம் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இறங்க முடியாத வாய் உள்ள பாத்திரமாக இருக்கட்டும். வாத்துதானே, நீந்தட்டும் என்று தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாயோடு வளராத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பூச்சு இருக்காது, நனைந்து, குளிர்ந்து, மூழ்கிவிடும். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, பிறகு துடைத்துச் சூட்டில் விடலாம்.

படி 3: இரவுத் தங்கல்

கோழி உயரத்தில் கட்டையேறித் தூங்கும், வாத்து தரையில் படுக்கும். ஒரே அறையில் விட்டால் மேலிருந்து விழும் எச்சம் முழுக்க வாத்தின் முதுகில்தான். தனிக் கூண்டு கட்ட இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு தட்டி வைத்துப் பிரித்துவிடுங்கள். ஒரு வாத்துக்கு நாலைந்து சதுர அடி தரை, கோழிக்கு நாலு. வாத்தின் பக்கத்துக்கு அகலமான வாசலும் சரிவு குறைந்த பலகையும் வேண்டும், ஏணி மாதிரி செங்குத்தாக வைத்தால் ஏறாது.

கூண்டுக்குள் இரவில் தண்ணீர் வைக்காதீர்கள். தீவனத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் வளர்ந்த வாத்து விடியும்வரை தாங்கும், தீவனம் மட்டும் இருந்து தண்ணீர் இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. தண்ணீர் இல்லாவிட்டாலும் வாத்தின் எச்சத்திலும் மூச்சிலும் ஈரம் நிறைய, எனவே கூரைக்கு அடியில் காற்று வெளியேறும் இடைவெளி அவசியம். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் சுரீரென்று அமோனியா ஏறினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாய் அதைப் பிய்த்துவிடும், எலி கடித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான இரும்பு வலை போடுங்கள், அடியிலும் மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள். மஸ்கோவி தவிர மற்ற வாத்துக்கு மரத்தில் தாவித் தப்பிக்கத் தெரியாது.

படி 4: தண்ணீர், இரண்டு இடத்தில்

வாத்து தண்ணீர் குடிப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அலகை முழுக்க முக்கும், மூக்குத்துளை வழியாகக் குமிழி விடும், தலையை அப்படியே உள்ளே இறக்கி வெடுக்கென்று தூக்கி முதுகில் தண்ணீரை வீசும். சேட்டை மாதிரி தெரியும், ஆனால் மூக்கும் கண்ணும் சுத்தமாவது இப்படித்தான். முக்க முடியாத தட்டில் தண்ணீர் வைத்தால் கண் ஒட்டிக்கொண்டு நோய் வரும். ஆகவே குறைந்தது ஒரு சாண் ஆழமுள்ள வாளி. மூடி போட்ட வாளியின் பக்கவாட்டில் தலை நுழையும் அளவு ஓட்டை வெட்டிவிட்டால் உள்ளே ஏறி உட்கார முடியாது.

அந்த வாளியை வெறும் மண்ணில் வைக்காதீர்கள், இரண்டே நாளில் சேறு. முழங்கை ஆழம் ஒரு குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, மேலே கம்பி வலைச் சட்டம் போட்டு அதன்மேல் வையுங்கள். சிந்துவது எல்லாம் கீழே இறங்கிவிடும். கோழிக் கூண்டிலிருந்து பத்தடியாவது தள்ளி, கொஞ்சம் தாழ்ந்த பக்கமாக இருக்கட்டும்.

கோழியின் தண்ணீர் வேறு இடத்தில், உயரத்தில். செங்கலை ஒன்றரை அடிக்கு அடுக்கி அதன் மேல் வைத்தால் கோழி ஒரே தாவில் ஏறிக் குடித்துவிட்டு இறங்கும், கனத்த வாத்து கீழே நின்று பார்க்கும். இந்த ஒரு மாற்றம் செய்ததிலிருந்து என் கோழிகளுக்குச் சேறில்லாத தண்ணீர் கிடைக்கிறது.

நீந்துவதற்குக் குளம் வெட்ட வேண்டாம். ஓரடி ஆழத் தொட்டி போதும், உள்ளேயும் வெளியேயும் ஏறி இறங்கக் கல் வையுங்கள். உள்ளே இருக்கிற கல் கோழிக்காகவும்தான். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிற கோழி தவறி விழுந்தால் இறகு நனைந்து கனத்துவிடும், ஏற ஒரு கல் இல்லையென்றால் மூழ்கிப்போகும். தொட்டித் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். அழுகிய இலையும் செத்த பூச்சியும் கிடக்கிற தேங்கிய தண்ணீரில் பொட்டுலிசம் நச்சு உருவாகலாம், கழுத்து துவண்டு வாத்து செத்துவிடும். கொட்டுகிற தண்ணீர் மரங்களுக்கு நல்ல உரம். பச்சையாகச் சாப்பிடுகிற கீரைப் பாத்தியில் மட்டும் ஊற்றாதீர்கள்.

படி 5: தீவனம்

இரண்டுக்கும் பொதுவாக, மருந்து கலக்காத, எல்லாப் பறவைக்குமான குருணைத் தீவனம் வாங்குவது எளிது. மாவுத் தீவனம் வாத்தின் அலகில் பசையாக ஒட்டும். முட்டையிடும் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுக்கும் ஆணுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படுவது தானாக எடுத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கும் தீவனத்துக்கும் நடுவே ஏழெட்டு அடி இடைவெளி விடுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கவும் வேண்டும், இல்லையென்றால் காய்ந்த தீவனம் தொண்டையில் அடைக்கும், ஆனால் ஒட்டினாற்போல் இருந்தால் தீவனம் கூழாகிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையில் வரும் அஃப்ளாடாக்சின் நச்சுக்கு வாத்துக்குஞ்சு கோழியைவிடப் பல மடங்கு பலவீனம். கோழி ஒன்றும் ஆகாமல் திரிகிற அதே தீவனத்தில் வாத்துக்குஞ்சு சுருண்டு விழும். நனைந்தது அன்றன்றைக்கே குப்பைக்கு. ரொட்டித் துண்டு வேண்டாம், அவகாடோ கூடவே கூடாது.

படி 6: சேர்த்துவிடுவது

புதிதாக வந்தவற்றை மூன்று நாலு வாரம் தனியே வையுங்கள், அவற்றைத் தொட்ட கையோடும் செருப்போடும் கோழிகளிடம் போகாதீர்கள். பறவைக் காய்ச்சல் கிருமியை வாத்து எந்த அறிகுறியும் காட்டாமல் சுமக்கலாம், கோழி ஒரே நாளில் மடியும். காட்டு வாத்துகள் வந்து இறங்குகிற இடமாக இருந்தால் தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்குள் வையுங்கள். ஒரே சமயத்தில் பல பறவைகள் சாகத் தொடங்கினால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சாதாரண நாளிலும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் கட்டாயம்.

தனிமைக் காலம் முடிந்ததும் ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு மாலை, அடைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். தீவனம் இரண்டு இடத்தில் இருந்தால் கொத்து வாங்குவது குறையும்.

படி 7: தோட்டமும் முட்டையும்

கோழி சீய்க்கும், வாத்து துழாவும். வேர் வெளியே தெரிகிறது என்றால் கோழி, ஈரமண்ணில் அலகு அகல ஓட்டைகள் என்றால் வாத்து. நாற்றுகளை இரண்டுமே விடாது. பாத்தியைச் சுற்றி இரண்டடி வேலி வாத்தைத் தடுத்துவிடும், கோழி அதைத் தாண்டும்.

வாத்துக்குப் பளபளப்பான எதையும் விழுங்குகிற பழக்கம் உண்டு. வலை அடித்த அன்று கீழே விழுந்த ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் காந்தம் கட்டிய குச்சியால் தரையைத் தடவிப் பொறுக்குங்கள். துத்தநாகம் பூசிய ஒரு துண்டு வயிற்றில் தங்கினாலே விஷம்.

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும், அதுவும் நின்ற இடத்தில். எட்டு மணிவரை கூண்டிலேயே வைத்திருந்தால் தேடி அலைய வேண்டியதில்லை. அடைக்கோழி வாத்து முட்டையையும் பொரிக்கும், ஆனால் கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28, மஸ்கோவிக்கு 35. எனவே கலந்து வைக்காதீர்கள், முதலில் பொரித்த கோழிக்குஞ்சோடு தாய் எழுந்து போய்விடும்.

வாத்தைத் தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், எளிதில் ஒடியும். சிறகோடு சேர்த்து உடம்பை அணைத்து, கீழே ஒரு கையால் தாங்கித் தூக்குங்கள். பொழுது சாய்ந்தால் கோழிகள் தாமாகவே போய்க் கட்டையேறும். வாத்துகள் இருட்டிய பிறகும் தொட்டியில்தான் இருக்கும். பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்து மெல்ல நடந்தால் வரிசையாகக் கூண்டுக்குப் போகும், விரட்டினால் நாலு பக்கமும் சிதறும். தாழ்ப்பாள் போடுமுன் எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் அது ஏதோ புதரடியில் முட்டைகளின் மேல் சத்தமில்லாமல் அடை உட்கார்ந்திருக்கும், டார்ச்சோடு போய்த் தேடி எடுத்து வந்துவிடுங்கள்.