காட்டுத்தீக்குப் பிறகு: டெக்சாஸ் பண்ணையாளர் அரசு உதவி பெறும் முறை

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியில் மூண்ட ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, பத்து லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைக் கருக்கி, ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொன்றது. ஹெம்ப்ஹில் போன்ற கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) இத்தகைய இழப்புக்கு அமெரிக்க வேளாண் துறையின் உதவித்தொகையைப் பெறுவது எப்படி என்பதை, அங்கே புதிதாக மாடு வளர்க்கத் தொடங்குபவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதல் படியைத் தீ வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். வேளாண் துறையின் கீழ் இயங்கும், எஃப்.எஸ்.ஏ. எனப்படும் பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகத்துக்குச் சென்று, நிலத்தின் பத்திரத்தையோ குத்தகை ஒப்பந்தத்தையோ காட்டிப் பண்ணை எண் பெற்றுக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கான சி.சி.சி-941, மண்வளப் பாதுகாப்பு விதிகளுக்கான ஏ.டி-1026 ஆகிய படிவங்களையும் அப்போதே நிரப்பிக் கொடுத்துவிட்டால், வேலி எரிந்து மாடுகள் சிதறி ஓடும் நாளில் இந்தத் தாள்களுக்காக அலைய வேண்டியிருக்காது.

இரண்டாவது படி ஆதாரம் சேர்ப்பது. பலர் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தீக்கு முன் எத்தனை மாடுகள் இருந்தன, தீயில் எத்தனை இறந்தன என்ற இரண்டையுமே நீங்கள் நிறுவ வேண்டும். முன்னதற்கு வாங்கிய ரசீது, வங்கிக் கடன் பத்திரம், கால்நடை மருத்துவரின் பதிவு ஆகியவை உதவும். பின்னதற்கு, உடல்களைப் புதைக்கும் முன் தேதியுடன் கூடிய படங்களை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும், புதைத்த பிறகு எண்ணிக் காட்ட எதுவும் மிஞ்சாது.

அடுத்து, எந்த இழப்பு எந்தத் திட்டத்தில் சேரும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இறந்த மாடுகளுக்கு எல்.ஐ.பி. எனப்படும் கால்நடை இழப்பீட்டுத் திட்டம், அவற்றின் வகைக்கும் எடைக்கும் அரசு நிர்ணயித்த சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் தருகிறது. ஆயினும், எந்த ஆண்டிலும் இயல்பாக இறக்கும் விகிதத்தைக் கழித்துவிட்டு எஞ்சிய எண்ணிக்கைக்கே பணம் வரும். தனியார் நிலத்தில் எரிந்த மேய்ச்சல் புல்லுக்கும் சேமித்து வைத்த வைக்கோலுக்கும் ஈலாப் எனப்படும் அவசர உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரு திட்டங்களுக்கும் இழப்பு நேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 வரை அவகாசம் உண்டு என்றாலும், நினைவும் சாட்சிகளும் பசுமையாக இருக்கும்போதே அலுவலகத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

எரிந்த வேலிக்கு ஈ.சி.பி. (அவசரகாலப் பாதுகாப்புத் திட்டம்) என்ற தனித் திட்டம் உள்ளது. சீரமைப்புச் செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை அது ஏற்கும்; செலவின் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்கவும் வழி உண்டு. மாடுகள் சாலைக்குப் போய்விடுமே என்ற பதற்றத்தில் உடனே கம்பி கட்டத் தொடங்கத் தோன்றும். அதற்கு முன் கவுண்டி அலுவலகத்தைத் தொலைபேசியிலாவது அழைத்து, வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டுவிடுங்கள். அனுமதியின்றித் தொடங்கிய வேலைக்கு உதவித்தொகை கிடைக்காமல் போகலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் கவுண்டிக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குழுவின் உறுப்பினர்கள் உள்ளூர்ப் பண்ணையாளர்களே தேர்ந்தெடுத்தவர்கள் என்பதால், மேய்ச்சல் நிலத்தின் நிலைமையை அவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. படங்களையும் ரசீதுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.