கான்கிரீட்டில் ஈரம் நகர்வதைக் கணக்கிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "சார், மாடித் தளம் பத்து நாளில் காய்ந்துவிடும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015 டிசம்பர் மழை விட்டதும் நான் சொன்னதும் அதே பத்து நாள்தான்.

அலகு மாறிப்போவது, பூஜ்யம் விட்டுப்போவது எல்லாம் அவரவரே பிடித்துவிடுவார்கள். கணினி தடங்கலின்றி ஓடி, கோடும் அழகாக வந்து, விடை மட்டும் தப்பாக இருக்குமே, அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நனையும் வேகத்தை வைத்துக் காயும் நாளைச் சொல்வது

உறிஞ்சு சோதனை செய்வது எளிது. 100 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத் துண்டை எடுத்து, பக்கங்களை அடைத்துவிட்டு, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி வைத்து, அவ்வப்போது எடை போட வேண்டும். உள்ளே போன தண்ணீர் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். ஒரே நாளில் எண் கைக்கு வந்துவிடுவதால் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

அன்று என் துண்டு, நிமிடத்தின் வர்க்கமூலத்துக்கு 0.1 மி.மீ. உறிஞ்சியது. ஒரு நாள் என்றால் 1,440 நிமிடம். அதன் வர்க்கமூலம் 38. ஆக 3.8 மி.மீ. தண்ணீர். நிரம்பக்கூடிய துளைகள் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், ஈரம் 38 மி.மீ. ஆழம் போயிருக்கிறது. இதிலிருந்து, ஈரம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் பரவல் கெழுவை வினாடிக்கு 1.7 × 10⁻⁸ சதுர மீட்டர் என்று எடுத்தேன். தளம் 120 மி.மீ. தடிமன். தடிமனின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தால் பத்து நாள். கூட்டல் வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்குள் மாடிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட வேண்டும் என்று நின்றார். என் தாளை நம்பி, வந்த பணத்தையெல்லாம் அதில் போட்டார். ஏப்ரல் வெயிலில் கூப்பிட்டனுப்பினார். பூச்சு முழுக்க அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. ஒன்றை ஊக்கால் குத்தினேன். வெதுவெதுப்பான தண்ணீர் வழிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. "கணக்கு போட்டுத்தானே தம்பி சொன்னீங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குரல் போகவில்லை.

நடந்தது இதுதான். நனையும்போது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நுண்துளைகள் தண்ணீரைத் தண்ணீராகவே இழுக்கின்றன. காயும்போது அந்த இழுப்பு நெடுநாள் உதவாது. மேற்பரப்பு வரை தொடர்ந்து நிற்கும் நீர்ச்சரடு கொஞ்ச நாளில் அறுந்துவிடும். அப்புறம் ஆழத்தில் உள்ள ஈரம் ஆவியாகி, துளை துளையாகத் தடவிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஐரோப்பிய கான்கிரீட் குழுவின் 1990 மாதிரி விதிகளின்படி, 20 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கான்கிரீட் நிறைந்த ஈரத்தில் இருக்கும்போதே கெழு 5 × 10⁻¹⁰தான். துளைக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்க, அது இருபதில் ஒரு பங்கை நோக்கிச் சரிகிறது.

அதே தளத்தை இந்த எண்ணில் போட்டுப் பாருங்கள். கீழே கூரைப் பக்கம் ஆயில் பெயின்ட் அடித்திருந்ததால் ஈரம் மேல்பக்கமாக மட்டுமே போக முடியும். சுமார் 330 நாள் வருகிறது. இது தேதி குறிக்கும் கணக்கல்ல. நாளா மாதமா என்பதைக் காட்டும் கணக்கு. அதையே நான் கோட்டை விட்டேன். இன்னொன்று: தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு.

எனவே கெழுவை மாறிலியாக வைக்காதீர்கள். ஈரத்தைப் பொறுத்து மாறவிடுங்கள். காயும் எண்ணைக் காயவைத்தே எடுங்கள். ஒரு துண்டை நன்றாக நனைத்து, ஒரு முகம் தவிர மற்றதை அடைத்து, வாரம் ஒரு முறை எடை போடுங்கள். கட்டடத்தில் என்றால், ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில் தடிமனின் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே ஈரப்பத உணரியை வைத்துப் பாருங்கள். 120 மி.மீ. தளத்துக்கு அது 48 மி.மீ. மேலே கை வைத்துப் பார்த்து "காய்ஞ்சிடுச்சு" என்பது மேஸ்திரி சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, ஏற்காதீர்கள்.

துண்டை 105 டிகிரியில் வறுப்பது

அவசரத்துக்கு அடுப்பில் வைத்தால் சிமென்ட் கூழின் உள்ளே கட்டுண்டிருக்கும் நீரும் போய், நுண்விரிசல் விழுந்து, உறிஞ்சும் திறனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். உறிஞ்சு சோதனைக்கான அமெரிக்கத் தரமுறையான ஏ.எஸ்.டி.எம். சி1585, துண்டை 50 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட சூழலில் மூன்று நாளும், பிறகு மூடிய டப்பாவில் குறைந்தது 15 நாளும் வைக்கச் சொல்கிறது. அந்தப் பொறுமை தேவை.

குளிர்நாட்டுச் சுவரை ராயபுரத்தில் நிறுத்துவது

மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் உள்ளே வெப்பம், வெளியே குளிர். ஆவி உள்ளிருந்து வெளியே போகும். ஆவித்தடுப்பை உட்பக்கம் வைப்பார்கள். நம் ஊரில் ஏசி அறையில் எல்லாம் தலைகீழ். வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியழுத்தம் 3.6 கிலோபாஸ்கல், உள்ளே 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் 1.6தான். ஆவி உள்ளே தள்ளப்படுகிறது. அந்த வெளிக்காற்று 27 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். உட்சுவரில் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டியிருந்தால் அதன் பின்னால்தான் தண்ணீர் சேரும். கறுப்புப் பூஞ்சையும் அங்கேதான் கிளம்பும்.

பூச்சும் கான்கிரீட்டும் சேரும் இடம்

அங்கே இரு பக்கமும் ஒரே மதிப்பாகத் தொடர்வது துளைக்குள் உள்ள காற்றின் ஈரப்பதம். துளைகளில் தங்கும் நீரின் அளவு பொருளுக்குப் பொருள் மாறுவதால் ஒரே தாவாகத் தாவும்; கணக்கிலும் தாவ விடுங்கள்.

கண்ணி அளவு

கணினியில் கான்கிரீட்டைப் பிரிக்கும் கட்டங்கள்தான் கண்ணி; மேற்பரப்பில் அவை 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

உப்பை மறப்பது

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்காற்று சுவரில் உப்பைப் படியவைக்கிறது. போதாதற்குப் பல பழைய வீடுகள் உவர்நீரிலேயே கட்டப்பட்டவை. சாதா உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கரையோரத்தில் விடியற்காலைக் காற்று அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். மழையும் இல்லை, குழாய்க் கசிவும் இல்லை, ஆனாலும் காலையில் சுவரில் ஓதம் தெரியும்; மதியம் மறையும். எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு நீர் தங்கும் என்று காட்டும் ஈர வளைகோட்டைச் சுத்தமான கான்கிரீட்டுக்கு உரியதாக வைத்து இந்தச் சுவரைக் கணக்கிட்டால் எந்தக் கெழுவைப் போட்டாலும் பொருந்தாது. இரண்டு முள் குத்திப் பார்க்கும் ஈரமானியும் உப்பை ஈரமென்றே காட்டும். சுவரில் துளைபோட்டு எடுத்த தூளில் குளோரைடு எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அந்த ஈரமானி எண்ணை நான் கணக்கில் சேர்க்கிறேன்.