ஒரே சப்நெட், தனித்தனி வீலேன்கள்: சூப்பர் வீலேன் அமைக்கும் முறை

ஒரு வாடகைக் கட்டடத்தில் நான்கு அலுவலகங்கள். எல்லாருக்கும் சேர்த்து கையில் இருந்தது ஒரே ஒரு /26 பொது ஐபி தொகுதி, அதாவது 64 முகவரிகள். அலுவலகத்துக்கு ஒரு வீலேன் (ஒரே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த வலையமைப்பு), 16 முகவரிகள் கொண்ட ஒரு /28 சப்நெட் (முகவரித் தொகுதியின் ஒரு துண்டு) என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் நெட்வொர்க் முகவரி, பிராட்காஸ்ட் முகவரி, வெளியே போகும் வாசலான கேட்வே என மூன்று போய் 13 மிஞ்சும்; மொத்தம் 52. பிரிக்காமல் விட்டால் 61. போதாததற்கு, ஐந்து கணினி உள்ள இடத்தில் எட்டு முகவரிகள் சும்மா கிடக்கும், பதினைந்து கேட்பவருக்கோ கொடுக்க வழியிருக்காது.

இதற்கான தீர்வுதான் வீலேன் அக்ரிகேஷன். 2001-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3069 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை விளக்குகிறது. போர்ட்டுகள் சப் வீலேன்களில் பிரிந்திருக்கும். கேட்வே மட்டும் சூப்பர் வீலேனில் பொதுவாக இருக்கும்.

நான் அமைத்தது ஹுவாவேயின் லேயர் 3 சுவிட்சில் (ரவுட்டர் போல ஐபி பாக்கெட்டுகளையும் கடத்தும் சுவிட்ச்). கன்சோல் கேபிளும் கட்டளை தட்டுவதற்கான புட்டி மென்பொருளும் போதும். வெப் பக்கத்தில் செய்ய வேண்டாம். எந்த வரிசையில் எது பதிந்தது என்று அதில் பிடிபடாது. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், முகவரிகள் விளக்கத்துக்கென ஒதுக்கப்பட்டவை.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு அலுவலகங்களை மட்டும் காட்டுகிறேன். முதலில் 11, 12 ஆகிய வீலேன்களை (இவைதான் சப் வீலேன்கள்) உருவாக்கி, போர்ட்டுகளை அக்சஸ் முறையில் (ஒரு போர்ட்டுக்கு ஒரே வீலேன்) சேர்த்துவிடுங்கள். பிறகு:

வீலேன் 10
அக்ரிகேட்-வீலேன்
அக்சஸ்-வீலேன் 11 12

வீலேன் 10-இல் ஒரு போர்ட்கூட இருக்கக் கூடாது. இருந்தால் சுவிட்ச் மறுத்துவிடும். வீலேன் 1-ஐ சூப்பர் வீலேன் ஆக்கவும் முடியாது. அடுத்தது கேட்வே:

இன்டர்ஃபேஸ் வீலேனிஃப் 10
ஐபி அட்ரஸ் 203.0.113.1 26

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். இணையம் கிடைத்தது, கேட்வே பிங் ஆனது. ஆனால் 11-இல் இருந்த 203.0.113.5, 12-இல் இருந்த 203.0.113.20-ஐ எட்டவே இல்லை. கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன், பாதி நாள் போயிற்று. பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்த பிறகுதான் விளங்கியது: "203.0.113.20 யாரிடம் இருக்கிறது?" என்ற ஏஆர்பி கேள்வி (ஐபி முகவரிக்கு உரிய கருவியின் மேக் முகவரியைக் கேட்பது) வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தது, பதில் ஒன்றுகூட இல்லை.

இரு கணினிகளுக்கும் ஒரே மாஸ்க். அதனால் எதிராளி பக்கத்திலேயே இருப்பதாக நம்பி, பாக்கெட்டைக் கேட்வேயிடம் தராமல் நேராகவே தேடுகின்றன. அந்தக் கூவல் சப் வீலேனைத் தாண்டாது. கேட்வே இடையில் புகுந்து "என்னிடம் கொடு" என்று பதில் சொல்ல வேண்டும்; இதுதான் ஏஆர்பி ப்ராக்ஸி. வீலேனிஃப் 10-க்குள் இந்த ஒரு வரி:

ஏஆர்பி-ப்ராக்ஸி இன்டர்-சப்-வீலேன்-ப்ராக்ஸி எனேபிள்

உடனே பிங் வந்தது. கணினியில் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் 203.0.113.20-க்கு நேரே கேட்வேயின் மேக் முகவரியே நிற்கும். ப்ராக்ஸி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

ஆனால் இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்றால் இது வேண்டாம். எங்கள் கட்டடத்தில் இரண்டு அலுவலகங்களுக்கு மட்டும் தொடர்பு தேவைப்பட்டது; ப்ராக்ஸியை இயக்கி, மற்றவற்றை ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) கொண்டு தடுத்தேன்.

பின்சேர்க்கை: கீழ்த்தளத்தில் இன்னொரு சுவிட்ச் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ட்ரங்கில் (பல வீலேன்களைச் சுமந்து இரு சுவிட்சுகளை இணைக்கும் தொடர்பு) வீலேன் 10-ஐ அனுமதித்தும் எதுவும் வரவில்லை என்றார். வராது. சூப்பர் வீலேனுக்குப் போர்ட்டே கிடையாது என்பதால் அந்த எண் ட்ரங்கில் பயணிக்காது. 11, 12 ஆகியவற்றைத்தான் இரு முனைகளிலும் அனுமதிக்க வேண்டும். ரவுட்டருக்குப் போகும் இணைப்புக்கு வேறொரு சாதாரண வீலேனை, தனி ஐபியோடு வைத்துக்கொள்ளுங்கள்.