தேக்கு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் உள்ள கருத்து இறுகிய மரத்தை, கறையானும் ஈரமும் எளிதில் அண்டாததற்கு முக்கியக் காரணம், அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை. பட்டறையில் நம்மைப் பாடாய்ப் படுத்துவதும் அதே எண்ணெய்ப் பசைதான்.

நேற்று இழைத்த பலகையை இன்று ஒட்டுவதுதான் பெரிய தவறு. இழைத்த பரப்புக்கு உள்ளிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து படலமாகப் படிகிறது. ஒட்டும் பசை மரத்தைப் பிடிக்காமல் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும். சில மாதம் கழித்து மூட்டு விட்டுப்போகும். பிரிந்த இடத்தில் ஒரு நார்கூடக் கிழிந்திருக்காது. காய்ந்த பசை மட்டும் பளபளவென்று நிற்கும். ஒட்டுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் ஒட்டக் கூடாது. ஒட்டுகிற அன்றே இழைத்து, வெள்ளைத் துணியை அசிட்டோனில் (சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்) நனைத்து, துணியில் ஏறும் மஞ்சள் கறை குறையும்வரை துடையுங்கள். அசிட்டோன் ஆவியானதும் கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். வெயில் மழையில் கிடக்கும் சாமானுக்கு எபாக்ஸிதான் (இரண்டு பாகம் கலந்து போடும் பசை) சரி. ஆனால் எபாக்ஸி போட்ட மூட்டைக் கிளாம்பால் இறுக்கி நெரித்தால் பசையெல்லாம் பிதுங்கி வெளியேறி, உள்ளே பிடிக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது உளியும் பிளேடும். தேக்குக்குள் மணல் போன்ற சிலிக்கா உண்டு. சாதாரண எஃகு முனை சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய இழைப்புளியை அழுத்தித் தள்ளினால் நார் பெயர்ந்து பரப்பு கரடாகும். மெஷினுக்குக் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) பல் போட்ட பிளேடு வாங்குங்கள். கையுளியை அடிக்கடி தீட்டுங்கள்.

வெளிறிய ஓரப் பகுதியும் தேக்குதானே என்று நிலைக்கோ வாசற்கதவுக்கோ போடாதீர்கள். வைரத்துக்கு உள்ள காப்பு அதற்குக் கிடையாது. கறையான் முதலில் அங்கேதான் ஏறும்.

புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் பழுப்பும் கலந்த திட்டுகள் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து சாயம் பூச வேண்டியதில்லை. சில நாளோ சில வாரமோ வெளிச்சம் பட்டால் தானாகவே பொன்பழுப்பாகிவிடும்.

எண்ணெய் வகை வார்னிஷை நேரே பூசினால் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கலாம். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கில் செய்த பாலிஷ்) மெல்லியதாக ஒரு கை பூசிவிட்டு மேலே வார்னிஷ் அடியுங்கள். கடையில் ‘டீக் ஆயில்’ என்று விற்பது தேக்கிலிருந்து பிழிந்தது அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ தின்னரில் கலந்தது. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

தூளை அலட்சியம் செய்யாதீர்கள். தேக்குத்தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், மூச்சிரைப்பும் வரவைக்கும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்க வேண்டாம். பழகப் பழக ஒவ்வாமை கூடும். உப்புத்தாள் போடும்போது பஞ்சு மாஸ்க் போதாது. நுண்தூளைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் கட்டுங்கள்.