சி என்றால் சூடு: ஸ்பெயினில் குளியலறைச் சொற்கள்

ஸ்பெயினுக்கு வந்து இறங்கிய முதல் காலையிலேயே குளியலறைக் குழாயில் இரண்டு எழுத்துகள் கண்ணில் படும்: சி, எஃப். பள்ளியில் படித்த ஆங்கிலம் ‘சி என்றால் கோல்டு’ என்று சொல்லும். அதை நம்பித் திருகினால் கை வெந்துவிடும். இங்கே சி என்பது ‘கலியெந்தே’, அதாவது சுடுதண்ணீர். எஃப் என்பது ‘ஃப்ரீயோ’, பச்சைத் தண்ணீர். பார்சலோனா பக்கம் கத்தலான் மொழியில் எழுதியிருந்தாலும் ‘கலென்’, ‘ஃப்ரெத்’ என்று அதே இரண்டு எழுத்துகள்தான். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வந்த அன்றே சி குழாயில் சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தாகப் பார்த்துப் படிக்காதீர்கள், தமிழில் எழுதிவைத்துப் படியுங்கள். என் (N) எழுத்தின் தலையில் அலைக்கோடு போட்டிருந்தால் அது நம்முடைய ‘ஞ’. பாத்ரூமுக்கு ‘பாஞோ’ என்று நீங்கள் அப்படியே சொல்லிவிடலாம். டி எழுத்துகள் (T, D) இரண்டும் நாக்கு பல்லைத் தொடும் ‘த’ தான். அதனால் ஷவர் ‘தூச்சா’. ஜே எழுத்து தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’, சோப்பு ‘ஹபோன்’. வி எழுத்துக்கும் பி ஒலிதான். ஆங்கில வாட்டர் க்ளோசெட்டின் வாட்டர் இங்கே வந்து ‘பாத்தெர்’ ஆகி, கழிப்பறைப் பீங்கானுக்குப் பெயராகிவிட்டது. கடையிலும் விளம்பரத்திலும் அதையே ‘இனோதோரோ’ என்பார்கள்.

இரண்டு எல் சேர்ந்து வந்தால் ‘ய’ ஒலி. டவல் இங்கே ‘தொஆயா’. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய சொல்லே இல்லை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன ‘துவாய்’ இதன் உடன்பிறப்பு. குளியலறை ‘அர்மாரியோ’ நம் அலமாரி, சாப்பாட்டு ‘மேசா’ நம் மேசை. இந்த உறவைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஊர் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

வீடு தேடும்போது விளம்பரத்தில் ‘பாஞோ’ ஒன்று, ‘அசெயோ’ ஒன்று என்று இருக்கும். பாஞோ என்றால் குளிக்கவும் வசதி உள்ள அறை. அசெயோ என்றால் பெரும்பாலும் பாத்தெரும் வாஷ்பேசினும் மட்டும். ‘பாஞோ கொம்பார்தீதோ’ என்றால் மற்ற அறைக்காரர்களோடு பங்கிட வேண்டும். ‘தெர்மோ’ என்று எழுதியிருந்தால் அது காபி பிளாஸ்க் இல்லை, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர். அதன் கொள்ளளவைக் கட்டாயம் கேளுங்கள். 50 லிட்டர் தெர்மோவில் நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். ‘பிளாத்தோ தெ தூச்சா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஷவர் தட்டு என்று வரும். நின்று குளிக்கும் தாழ்வான தளம் அது. ‘அல்கச்சோஃபா’ என்றால் ஆர்ட்டிசோக் என்ற காய். ஷவர் தலைக்கும் அதுவே பெயர்.

வெளியில் போனால் கதவுகளைக் கவனியுங்கள். எம் என்று மட்டும் எழுதியிருந்தால் ‘மென்’ என்று நினைத்து ஆண்கள் நுழைந்துவிடக்கூடாது. அது ‘முஹெரெஸ்’, பெண்கள். ஆண்களுக்கு எச், ‘ஓம்ப்ரெஸ்’. எச்-க்கு ஒலி கிடையாது. சில இடங்களில் ஆண்களுக்கு சி, பெண்களுக்கு எஸ். கத்தலான் பலகைகளில் பெண்களுக்கு டி (D). கழிப்பறை எங்கே என்று கேட்க ‘எல் பாஞோ, போர் ஃபபோர்?’ போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ‘லபாபோ’ என்பது வாஷ்பேசின்தான், ஆனால் பார்சலோனாவில் கழிப்பறை அறைக்கே அந்தப் பெயரைச் சொல்வார்கள். கதவில் ‘திரார்’ என்றால் இழு. உள்ளே ‘நோ திரார் பாப்பெலெஸ்’ என்றால் காகிதம் போடாதே. ஒரே சொல்லுக்கு இழுப்பதும் எறிவதும் பொருள். ‘அபெரியாதோ’ என்று ஒட்டியிருந்தால் பழுது, வேறு கதவைப் பாருங்கள்.

இனி நம் ஆட்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் விஷயம். நம் ஊர்க் குளியலறையில் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம், ஒரு மூலையில் வடிந்துவிடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் தரையில் வடிகால் கிடையாது. நான் வந்த புதிதில் வாளியும் கப்பும் வைத்து தூச்சாவுக்கு வெளியே தரையில் நின்று குளித்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, ‘கோத்தெரா, கோத்தெரா’ என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவர் வீட்டுக் கூரையைக் காட்டினார். ஈரம் வட்டமாகப் படர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. வயதானவர், தனியாக இருப்பவர். இன்றைக்கும் அந்த வட்டம் எனக்கு மறக்கவில்லை. தூச்சாவின் கண்ணாடித் தடுப்பான ‘மம்பாரா’வுக்கு உள்ளேயே குளியுங்கள், தரையை மாப்பால் துடையுங்கள்.

கழுவிப் பழகியவர்கள் வருத்தப்பட வேண்டாம். ‘தூச்சா இஹியேனிகா’ என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் நம் ஹெல்த் ஃபாசெட் கிடைக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுங்கள். உபயோகித்த பிறகு அதன் வால்வை மூடிவிடுங்கள். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய் ஒருநாள் வெடித்தால் மறுபடியும் கீழ்வீட்டுக் கூரைதான்.

வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்ப நான்கு வரிகள் மனப்பாடமாக இருக்கட்டும். குழாய் சொட்டினால் ‘எல் க்ரீஃபோ கோத்தெயா’. வடிகால் அடைத்தால் ‘எல் தெசாகுவே எஸ்தா அதஸ்காதோ’. சுடுதண்ணீர் வராவிட்டால் ‘நோ ஆய் ஆகுவா கலியெந்தே’. எங்கோ கசிந்தால் ‘ஆய் ஊனா ஃபூகா’. பிளம்பருக்கு ‘ஃபொந்தனேரோ’ என்று பெயர். படமும் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.

கழுவும் பொருள்களில் ‘லெஹீயா’ என்றால் ப்ளீச். அதை ‘அமோனியாகோ’வோடும், ‘சல்ஃபுமான்’ எனும் அமிலத்தோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் மூச்சே நின்றுவிடும். கலந்துவிட்டால் உடனே வெளியே வந்து அவசர எண் 112-ஐ அழையுங்கள். மருந்துக் கடையிலும் ஒரு பொறி உண்டு. ‘கொன்ஸ்திபாதோ’ என்றால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். மலச்சிக்கலுக்கு ‘எஸ்த்ரெஞீதோ’ என்று சொல்ல வேண்டும்.

வீட்டைக் கையில் வாங்கும்போதே ‘தோந்தே எஸ்தா லா யாவே தெ பாசோ?’ என்று கேளுங்கள். முழு வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தும் வால்வு அது. ‘யாவே’ என்றால் சாவி. சமையலறையிலோ, வாசல் பக்கமோ, குளியலறைச் சுவரிலோ இருக்கும். காட்டச் சொல்லி, ஒருமுறை உங்கள் கையாலேயே மூடித் திறந்து பாருங்கள்.